குத்தின காதுக்கு எந்த உப்பு?

கேள்வி: டாக்டர், எனக்கு 23 வயது, கோவையில் வேலை பார்க்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் இடது காதின் மேல் பக்கம், குருத்தெலும்பில் குத்திக்கொண்டேன். குத்தியவர், “தினமும் சீ சால்ட் தண்ணீரில் கழுவுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். வீட்டில் நாலு உப்பு இருக்கிறது. சமையலுக்கு அயோடின் தூள் உப்பு, ஊறுகாய்க்குக் கல் உப்பு, அப்பாவின் பிரஷருக்காக வாங்கிய இந்துப்பு, அம்மா கால் வலிக்கு வைத்திருக்கும் எப்சம் உப்பு. இயற்கையானது என்று இந்துப்பை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் போட்டு, தினமும் மூன்று வேளை கழுவுகிறேன். சுரீர் என்று எரிகிறது. எரிந்தால்தான் கிருமி சாகும் என்கிறாள் தோழி. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போடு என்கிறார் அம்மா. இப்போது குத்திய இடத்தைச் சுற்றித் தோல் வெள்ளையாக உரிகிறது, காலையில் எழுந்தால் தோட்டைச் சுற்றி மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது. எந்த உப்புதான் சரி? மூன்று மாதத்தில் அக்கா கல்யாணம். மாட்டல் போடலாமா?

பதில்: எந்த உப்பு என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் டம்ளரைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

டம்ளர் 200 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டீஸ்பூன் பொடி உப்பு 10 கிராமுக்குக் குறையாது. அப்படியென்றால் லிட்டருக்கு 50 கிராம். கடல் தண்ணீரில் இருப்பதே லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான். மூன்று வாரமாக, மெரினாவில் அடிக்கிற அலையைவிடக் கரிப்பான தண்ணீரை ஒரு திறந்த காயத்தில் தினம் மூன்று வேளை விட்டிருக்கிறீர்கள். எரியாமல் என்ன செய்யும்?

காயத்துக்குத் தேவையான அளவு லிட்டருக்கு 9 கிராம். அதாவது 0.9 சதவீதம். நம் ரத்தமும் கண்ணீரும் ஏறக்குறைய அந்த உப்பு அளவுக்குச் சமமானவை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஹம்பர்கர் என்ற டச்சு உடலியல் அறிஞர், ரத்தச் சிவப்பணுக்களை வெவ்வேறு அளவு உப்புத் தண்ணீரில் போட்டு, எதில் அவை உடையாமல் இருக்கின்றன என்று பார்த்தார். அந்த வழியில் வந்த எண்தான் இது. உப்பு குறைந்தால் அணுக்கள் தண்ணீரைக் குடித்து வீங்கும், கூடினால் தண்ணீரை விட்டுச் சுருங்கும். மாவடு போட்ட வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. உருண்டையாகப் பளபளவென்று இருக்கிற வடுவை உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால், இரண்டு மூன்று நாளில் ஜாடியில் தண்ணீர் ஊறிவிடும், வடு தோல் சுருங்கிப் போயிருக்கும். உங்கள் காதுத் துளைக்குள் புதிதாக வளர்கிற தோல் மிக மெல்லியது. அதற்கும் அதே கதிதான்.

ஆகவே அந்த எரிச்சல் கிருமி சாகிற சத்தம் இல்லை. தோல் வேண்டாம் என்று சொல்கிற சத்தம். வெள்ளையாக உரிவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே போல மூக்குக் குத்திக்கொண்டு ஒரு கல்லூரிப் பையன் வந்தான். மூக்கு மடல் முழுக்கச் செக்கச் செவேல் என்று வெடித்திருந்தது. இன்பெக்ஷன் என்று அவனாகவே ஆன்டிபயாட்டிக் களிம்பு வேறு போட்டிருந்தான். விசாரித்தால், நாளைக்கு ஆறு தடவை கெட்டியான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்து எடுக்கிறானாம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். பத்து நாளில் சரியாகிவிட்டது. நான் செய்த வைத்தியம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் புரிந்துகொள்ளுங்கள். சரியான அளவு உப்புத் தண்ணீர் எந்தக் கிருமியையும் கொல்லாது. அதன் வேலை, ஊறிக் காய்ந்த பொருக்கை இளக்கி, அழுக்கை அடித்துக்கொண்டு போவது. கிருமியோடு சண்டை போடுவது உங்கள் ரத்தம். நாம் அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும்.

சரி, உப்புக்கு வருவோம். “சீ சால்ட்” என்றவுடன் ஏதோ தனிச் சரக்கு என்று தோன்றுகிறது, இல்லையா? இந்த அறிவுரை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே சாப்பாட்டு உப்பில் நிறைய, பூமிக்கடியில் இருந்து எடுப்பது. அதனால் கடல் உப்பு என்று பிரித்துச் சொல்கிறார்கள். நமக்கோ, தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் பாத்தி கட்டிக் காயவைப்பது எல்லாமே கடல் உப்புதான். ஊறுகாய்க்கு வைத்திருக்கிறீர்களே, அந்தக் கல் உப்பைத்தான் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, ஆங்கிலப் பெயர் போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

அதற்காகக் கல் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு கைப்பிடி கல் உப்பைக் கண்ணாடி டம்ளரில் போட்டுக் கரைத்து, அசைக்காமல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டல் தங்கும். பாத்தி மண், ஜிப்சம், இன்னும் சிலது. ரசத்துக்கு அது ஒன்றும் செய்யாது. பல வீடுகளில் உப்பைக் கரைத்துத் தெளியவைத்து ஊற்றுவதும் இதற்காகத்தான். காயத்துக்குள் போக வேண்டிய பொருள் இல்லை அது. அதோடு, கல் உப்பைக் கரண்டியால் அளக்கவும் முடியாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், ஒரே கரண்டியில் ஒரு நாள் மூன்று கிராம் வரும், ஒரு நாள் ஐந்து கிராம் வரும்.

இந்துப்பின் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் அதில் கலந்திருக்கும் இரும்புத் துகள். மற்றபடி அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். காதுக்கு அதனால் தனி நன்மை எதுவும் கிடையாது. கேள்விக்கு வெளியே போகிறேன், மன்னியுங்கள். அப்பாவிடம் சொல்லுங்கள்: பிரஷர் ஏறுவது சோடியத்தால். அது இந்துப்பிலும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கிறது. இந்துப்பு என்று நம்பித் தாராளமாகப் போட்டுக்கொண்டால் லாபம் மருந்துக் கம்பெனிக்குத்தான்.

எப்சம் உப்பு நம் சமையல் உப்பு வகையே இல்லை. அது மெக்னீசியம் சல்பேட். அம்மா வெந்நீரில் கால் நனைக்க வைத்துக்கொள்ளட்டும். காதுப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

மிஞ்சியது அயோடின் தூள் உப்பு. இதைத்தான் எல்லோரும் பயந்து ஒதுக்குகிறார்கள். “அயோடின் கலக்காத உப்பு” என்று எல்லா வெளிநாட்டுக் குறிப்பிலும் இருக்கும். இங்கே அது சுலபமாகக் கிடைக்காது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பாட்டுக்கு விற்க 2006 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. கடையில் இருக்கும் கல் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலும் அயோடின் என்று எழுதியிருக்கும். அளவைப் பார்த்தால் பயம் போய்விடும். நம் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம். அதில் 9 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் எவ்வளவு மிஞ்சும்? மில்லிகிராமில் ஏழில் ஒரு பங்கு. காதைக் கெடுக்கிற அளவா அது? உங்கள் நாலு உப்பில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாராவது என்னை மிரட்டினால், நான் இந்தத் தூள் உப்பைத்தான் எடுப்பேன். சுத்தமானது, ஒரே சீராக அளக்கலாம்.

ஆனால் மிரட்ட யாரும் இல்லையே. அதனால் நாலையும் விட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போங்கள். நார்மல் சலைன் கேளுங்கள். கிருமி நீக்கி, சரியாக 0.9 சதவீதத்தில் அடைத்து விற்கிற உப்புத் தண்ணீர் அது. விலையும் பெரிதில்லை. அமெரிக்காவில் அசோசியேஷன் ஆஃப் புரொபஷனல் பியர்சர்ஸ் என்று துளை போடுகிறவர்களின் அமைப்பு ஒன்று இருக்கிறது. ஒரு கப் வெந்நீரில் கால் டீஸ்பூன் கடல் உப்பு என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தவர்களே அவர்கள்தான். இப்போது வீட்டில் கலக்க வேண்டாம் என்கிறார்கள். கால் டீஸ்பூன் என்றால் எல்லோரும் நாலு டீஸ்பூன் போட்டார்கள், அதுதான் பிரச்சினை. நானும் வாயைத் திறந்து ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிராக்டிஸ் ஆரம்பித்த புதிதில், “கொஞ்சம் கல் உப்பு போட்டு வெதுவெதுன்னு கழுவுங்கம்மா” என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

கடையில் கேட்கும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். நம் ஊரில் கையில் ஏற்றுகிற எல்லா பாட்டிலுக்கும் பெயர் “குளுக்கோஸ்”. அப்படிக் கேட்டால் அவர் டி.என்.எஸ். எடுத்துக் கொடுத்துவிடலாம். அதில் சலைனோடு ஐந்து சதவீதம் சர்க்கரையும் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு அம்மா, மகள் காதைத் தினமும் சலைனில்தான் துடைக்கிறேன், ஆனாலும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, எறும்பு வருகிறது என்றார். பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். டி.என்.எஸ். காதுக்கு மூன்று வேளையும் பாகு ஊற்றியிருக்கிறார் பாவம். நீங்கள் கேட்க வேண்டியது என்.எஸ்., அதாவது நார்மல் சலைன், லேபிளில் சோடியம் குளோரைடு 0.9 என்று மட்டும் இருக்க வேண்டும். அடுத்தது, 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்ப்யூல். உங்களுக்கு இதுதான் வசதி, ஒரு வேளைக்கு ஒன்று உடைத்தால் போதும். ஆனால் ஊசி மருந்து கலக்குகிற ஸ்டெரைல் வாட்டரும் அச்சு அசல் இதே உருவத்தில் வரும். பெயரைப் படித்து வாங்குங்கள். மூன்றாவது, கான்டாக்ட் லென்ஸ் திரவமும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தும். இரண்டையும் சலைன் என்றே சிலர் சொல்வார்கள். ஒன்றில் லென்ஸுக்கான ரசாயனம் இருக்கும், இன்னொன்றில் ரத்தக் குழாயைச் சுருக்குகிற மருந்து இருக்கலாம். வேண்டாம்.

ஆம்ப்யூல் கிடைக்காமல் 100 மில்லி பாட்டில்தான் கிடைத்தது என்றால், திறந்த பிறகு ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். அதில் கெட்டுப்போகாமல் காக்கிற பொருள் எதுவும் சேர்க்கவில்லை. மிச்சத்தைப் பழைய ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி ஒரு மாதம் ஓட்டலாம் என்று நினைப்பீர்கள், எல்லோரும் நினைப்பார்கள். 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு கடையில் காது குத்திக்கொண்டவர்களுக்கு வரிசையாக மேல் காது சீழ் பிடித்தது. சிலருக்கு ஆபரேஷன் வரை போனது. தேடிப் பார்த்தால், குத்துவதற்கு முன் அடித்த கிருமிநாசினி ஸ்பிரேயிலேயே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருந்தது. கிருமிநாசினி பாட்டிலே அப்படி என்றால், வெறும் உப்புத் தண்ணீர் பாட்டில் எம்மாத்திரம்?

கழுவும் முறை சுருக்கமாக. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ஆம்ப்யூலை உடைத்து, காஸ் துணியில் ஊற்றி, நனைந்த துணியைத் துளையின் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். பொருக்கு தானாக இளகி வரும். வந்ததைத் துடையுங்கள், வராததை நகத்தால் நோண்டாதீர்கள். பஞ்சு வேண்டாம், இழை தோட்டில் சிக்கும். ஈரத்தைப் புதுக் காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். குளியலறைத் துண்டு வேண்டாம், அதன் நூல் வளையத்தில் தோடு மாட்டி இழுத்துவிடும். காலை ஒன்று, இரவு ஒன்று, போதும். தோட்டைத் திருகித் திருகி விடச் சொல்வார்கள். அது பழைய பழக்கம். ஒவ்வொரு திருகலிலும் உள்ளே ஒட்டிய புதுத் தோல் கிழியும்.

காலையில் பார்க்கிற அந்த மஞ்சள் பொருக்கு, வலியும் வீக்கமும் இல்லாமல் இருந்தால், சீழ் இல்லை. ஆறுகிற காயத்தில் ஊறுகிற நீர் காய்ந்து அப்படி ஆகிறது. அதைப் பார்த்துப் பயந்து உப்பைக் கூட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சலைன் தீர்ந்துவிட்டது, கடையும் இல்லை. அப்போது மட்டும் வீட்டில் தயாரிக்கலாம். அரை லிட்டர் குடிக்கிற தண்ணீரைக் கரண்டியோடு பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மருந்து பாட்டிலோடு வரும் 5 மில்லி அளவுக் கரண்டியில் தூள் உப்பை, குவியாமல், முக்கால் அளவு. அது நாலரை கிராம் வரும். மூடி வைத்து ஆறவிட்டு, அன்றைக்கே பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கை தவறினால் குறைவான பக்கமே தவறட்டும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் கண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். அதைவிடக் கரித்தால் தண்ணீர் சேருங்கள். சென்னை வாசகிகள் சிலர், எங்கள் போர் தண்ணீரே உப்புத் தண்ணீர்தானே என்று கேட்டிருக்கிறார்கள். கிண்டலாகத்தான் கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நாக்கு, உதட்டின் உள்பக்கம் குத்தியவர்களுக்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி இல்லை. வாய் எப்படியும் கிருமிகள் வாழ்கிற இடம். வீட்டில் இதே அளவில் கலந்த உப்புத் தண்ணீரால் சாப்பிட்ட பிறகு கொப்பளித்தால் போதும்.

அம்மா சொன்ன மஞ்சள், தேங்காய் எண்ணெய். குலதெய்வம் கோயிலில் மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி குத்துவாரே, அந்தக் காது மடல் வேறு. அது சதை, ரத்த ஓட்டம் நிறைய. மஞ்சள் போட்டாலும் ஆறும், போடாவிட்டாலும் ஆறும், ஆறு முதல் எட்டு வாரத்தில். நீங்கள் குத்தியிருப்பது பாட்டிமார் கொப்பு போட்ட இடம், குருத்தெலும்பு. அதற்கென்று சொந்த ரத்தக் குழாய் கிடையாது, மேலே மூடியிருக்கும் மெல்லிய சவ்வுதான் சாப்பாடு போடுகிறது. ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அங்கே எண்ணெய் துளையை அடைத்து அழுக்கைச் சேர்க்கும், மஞ்சள் தூள் துகளாக உள்ளே தங்கும். அம்மாவின் கை மருத்துவத்தில் இன்னொன்று உண்டு, சட்டியில் வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம். இடுப்புக்குக் கொடுக்கட்டும். காதில் வேண்டாம், புதுக் காயத்தின் மெல்லிய தோல் அந்தச் சூட்டில் வெந்துவிடும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒரு வாரத்தில் அரிப்பும் நீர்க் கசிவும் அடங்கவில்லை என்றால், தோட்டைச் சந்தேகப்படுங்கள். கவரிங், மலிவான உலோகம் இவற்றில் நிக்கல் இருக்கும். நிக்கல் ஒவ்வாமைக்கு எந்த உப்பும் மருந்து இல்லை, டைட்டானியத்துக்கு மாற்ற வேண்டும், அதுவும் குத்தத் தெரிந்தவர் கையால்.

இனி சொல்வது வேடிக்கை இல்லை. மேல் காது முழுக்கச் சிவந்து, சூடாகி, தொட்டாலே துடிக்கிற வலி, கீழ் மடல் மட்டும் சாதாரணமாக இருக்கிறது என்றால், அது குருத்தெலும்பு உறையில் கிருமி. காய்ச்சலோ பச்சை நிறச் சீழோ வந்தாலும் அப்படியே. அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். அங்கே மருந்து போய்ச் சேருவது கடினம், தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிப் போகும், அந்த உருவம் திரும்பி வராது. மெடிக்கலில் நீங்களாக வாங்குகிற மாத்திரை பெரும்பாலும் சூடோமோனாஸைத் தொடாது. தோட்டையும் நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மூடி, சீழ் உள்ளே மாட்டிக்கொள்ளும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சீக்கிரம் வர வேண்டும்.

கடைசியாக அக்கா கல்யாணம். மாட்டலின் கொக்கி கீழ் மடல் கம்மலில்தானே மாட்டுகிறது, சங்கிலி காதுக்கு மேலே முடியில் போகும். அது மேல் துளையில் உரசாத மாதிரி, வலது காதுக்குக் கனமானது, இடது காதுக்கு லேசான முத்துச் சரம் என்று பாருங்கள். மேல் துளையில் எதையும் தொங்கவிட வேண்டாம், தோட்டையும் அன்றைக்காக மாற்ற வேண்டாம். பூ வைக்கிறவரிடமும் மேக்கப் போடுகிறவரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஹேர் ஸ்பிரே அடிக்கும்போது இடது காதைக் கையால் பொத்திக்கொள்ளட்டும். மண்டபத்துக்குப் போகிற பையில் இரண்டு ஆம்ப்யூல் எடுத்துப் போங்கள், ராத்திரி வந்ததும் ஒன்று உடைக்கலாம்.